உட்சாய்வு / வெளிச்சாய்வு: பாதம் குறித்துச் சில குறிப்புகள்

உடல் பற்றி நமது சிறுபத்திரிகைச் சூழலில் நிறையவே பேசியாகிவிட்டது. உடல் ஒரு பிரதி, உடலின் மீது அதிகாரம் எழுதுகிறது, இயல்பு என்பது கட்டமைக்கப்பட்டது, பிறழ்வு என்பது இயல்பு தனக்காக உண்டாக்கிக்கொண்ட மற்றமை - இவையெல்லாம் கல்லூரிக் கருத்தரங்கத் தலைப்புகளாகவே ஆகிவிட்டன. இவற்றோடு எனக்குப் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கட்டுரைகளில் உடல் வருமே தவிர எலும்பு வராது, தசைநார் வராது, எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்கும் என்பது வராது. உடம்பைத் தொடாமலே உடலைப் பேசி முடிக்கிற ஒரு சாமர்த்தியம் நமக்குக் கைவந்திருக்கிறது. இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு ஜோடி அசைவு. பாதம் உள்பக்கம் சாய்வது, வெளிப்பக்கம் சாய்வது. அவ்வளவுதான். இதற்குள் 'இயல்பு', 'பிறழ்வு' என்கிற சொற்கள் எங்கே உண்மையிலேயே பொருள்படுகின்றன, எங்கே வெறும் அதிகாரமாக நிற்கின்றன என்று பிரித்துப் பார்க்க முடியுமா என்பதே கேள்வி.

மருத்துவ நூல்கள் இவற்றை இன்வெர்ஷன், எவெர்ஷன் என்கின்றன. உள்ளங்கால் மறுகாலைப் பார்த்துத் திரும்பினால் உட்சாய்வு என்றும், வெளியே பார்த்துத் திரும்பினால் வெளிச்சாய்வு என்றும் வைத்துக்கொள்வோம். நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுச் செய்து பாருங்கள். உட்சாய்வு தாராளமாக வரும். வெளிச்சாய்வு கொஞ்சம்தான், ஏறத்தாழ அதில் பாதி. காரணம் கையால் தடவினாலே தெரியும்: கரண்டையின் வெளிமுட்டு உள்முட்டைவிடக் கீழே இறங்கி நின்று வெளிச்சாய்வை மறிக்கிறது. உள்பக்கத்துப் பிணைநார் அகலமானது, தடித்தது. வெளிப்பக்கத்தில் இருப்பவை தனித்தனியான மெல்லிய நார்கள். ஆகவே 'கால் மடங்கிப்போச்சு', 'பிசகிடுச்சு', 'பெரண்டுடுச்சு' என்று நம்ம ஆட்கள் சொல்லும்போது எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியதே இல்லை. பெரும்பாலும் பாதம் உள்ளே சாய்ந்திருக்கும், வெளிப்பக்கத்து நார் கிழிந்திருக்கும். கணுக்கால் சுளுக்கு என்பது அநேகமாக உட்சாய்வின் மிகைதான்.

இந்தச் சாய்வு நடப்பது எங்கே? கணுக்காலில் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இல்லை. கணுக்கால் மூட்டு பெரும்பாலும் மேலும் கீழும் அசைகிற ஒரு கீல். சாய்வு நடப்பது அதற்கும் கீழே, தாலஸ் என்கிற எலும்புக்கும் குதி எலும்புக்கும் நடுவே, கொஞ்சம் முன்னால் படகெலும்பு சேருமிடத்திலும். தாலஸ் விசித்திரமான எலும்பு. அதில் ஒரு தசை கூட ஒட்டவில்லை. மேலே காலின் கனம், கீழே பாதத்தின் அசைவு, இரண்டுக்கும் நடுவே அது சும்மா சிக்கிக்கொண்டிருக்கிறது. தசைகள் எல்லாம் அதைத் தாண்டிப் போய் மற்ற எலும்புகளை இழுக்கின்றன. அந்த எலும்புகள் தாலஸின் அடியில் சுழல்கின்றன.

'சுழல்கின்றன' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த மூட்டின் அச்சு கிடையாகவும் இல்லை, செங்குத்தாகவும் இல்லை. குதிகாலின் வெளிப்புறப் பின்மூலையிலிருந்து முன்னோக்கி, மேல்நோக்கி, கொஞ்சம் உள்நோக்கிச் சரிவாகப் போகிறது. சராசரியாகத் தரையிலிருந்து 42 டிகிரி என்று 1941 இல் மான்டர் எழுதினார். பிறகு கலிபோர்னியாவில் இன்மன் குழுவினர் அளந்தபோதும் ஏறத்தாழ அதே சராசரிதான் வந்தது. அச்சு சரிவாக இருப்பதால் வெறும் சாய்வு என்று ஒன்று கிடையாது. பாதம் உள்ளே சாயும்போதே அதன் முன்பகுதி உள்ளே திரும்பியும் ஆகும், கொஞ்சம் கீழே இறங்கியும் ஆகும். வெளியே சாய்ந்தால் மூன்றும் எதிர்த்திசையில். மூன்று அசைவுகளையும் ஒன்றாகத்தான் செய்ய முடியும், தனித்தனியாகப் பிரிக்க முடியாது. பின்னால் பேசப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வருகிறது.

இன்மன் இதைச் சரிவாக அடித்த கீலுக்கு ஒப்பிட்டார். இரண்டு பலகைகளை, ஒன்று நிற்க ஒன்று கிடக்க, சரிவான கீலால் இணைத்தால், நிற்கிற பலகையை முறுக்கும்போது கிடக்கிற பலகை புரளும். பலகை வேண்டாம், எழுந்து நில்லுங்கள். பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு உடம்பை மட்டும் வலப்பக்கம் திருப்புங்கள். வலது பாதத்தின் உள்வளைவு உயர்கிறது, கனம் வெளி ஓரத்துக்குப் போகிறது. இடது பாதம் அமுங்கி உள் ஓரத்தில் படிகிறது. நீங்கள் பாதத்தை ஒன்றுமே செய்யவில்லை. திரும்பிப் பார்த்தீர்கள், அவ்வளவே.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் இது நடக்கிறது. குதிகால் தரையைத் தொடும்போது பாதம் சற்றே உட்சாய்வாக வருகிறது. தொட்ட உடனே வெளியே சாய்ந்து இளகுகிறது, தரை எப்படி இருந்தாலும் அதற்குப் பணிந்து படிகிறது. பிறகு உடம்பு முன்னே போகப்போக மறுபடி உள்ளே சாய்ந்து இறுகி, உந்துவதற்கு ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. இளகல், இறுகல். (பாதம் தரையை 'வாசிக்கிறது' என்று எழுதக் கை வருகிறது. வேண்டாம், எதை எடுத்தாலும் வாசிப்பாக்கிவிடுகிற வியாதி நமக்கு ஏற்கனவே முற்றிப் போயிருக்கிறது.) இரண்டு சாய்வும் இல்லாவிட்டால் வரப்பில் நடக்க முடியாது, கூழாங்கல் பரப்பில் முடியாது. சிமென்ட் தளத்தில் மட்டும் ஒருவேளை முடியும்.

இங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. சாய்வை அளக்க வேண்டுமென்றால் ஒரு பூஜ்யம் வேண்டும். எதிலிருந்து உள்ளே, எதிலிருந்து வெளியே? அளக்கிறவனின் தரை சமதளம். ஆகவே சமதளத்தில் குதிகால் செங்குத்தாக நிற்பது பூஜ்யம் ஆயிற்று. 1970களில் அமெரிக்கப் பாத மருத்துவர் மெர்ட்டன் ரூட்டும் அவரது சகாக்களும் 'நடுநிலை' என்ற ஒரு புள்ளியை வரையறுத்து, அதை வைத்து இயல்பான பாதம், இயல்பற்ற பாதம் என்று பிரித்துப் புத்தகமே போட்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஓட்டம் ஒரு மோகமாகப் பரவியது. காலணிக் கம்பெனிகளுக்கு இந்தப் பூஜ்யம் கிடைத்தது பெரிய வரப்பிரசாதம். நடையில் இயற்கையாகவே வருகிற வெளிச்சாய்வுக்கு 'மிகை' என்று ஓர் அடைமொழி சேர்த்தால் போதும், அது குறைபாடு ஆகிவிடும், அதைத் தடுக்கிற காலணி மருந்தாகிவிடும். இன்று நம்ம ஊர் மால்களிலும் கண்ணாடித் தட்டின் மீது நிற்கச் சொல்லி, 'சார், உங்களுக்கு ஓவர் ப்ரொனேஷன்' என்று ஒரு பையன் சொல்கிறான் இல்லையா, அவனுக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

அந்தச் சராசரி அச்சைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். 42 டிகிரி என்பது சராசரி. தனித்தனிக் கால்களில் இன்மன் குழுவினர் கண்டது சுமார் 20 டிகிரியிலிருந்து 68 டிகிரி வரை. இவ்வளவு பரந்த வேறுபாட்டுக்கு நடுவே ஒரே பூஜ்யத்தை ஊன்றுவது எலும்பிலிருந்து வந்த காரியம் இல்லை. சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 2014 இல் வெளியிடப்பட்ட டென்மார்க் ஆய்வு ஒன்று புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கும் ஒரே வகைச் சாதாரணக் காலணி கொடுத்து ஓராண்டு கவனித்தது. வெளிச்சாய்வு உடையவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் அடிபடவில்லை. ஓடிய தூரத்துக்குக் கணக்கிட்டால் 'நடுநிலை'க்காரர்களைவிடக் குறைவாகவே பட்டது. சந்தை இதற்காக ஒன்றும் கடையைச் சாத்திவிடவில்லை.

தட்டைப் பாதத்தின் கதையும் இதுவே. உள்வளைவு இறங்கி, குதிகால் வெளியே சாய்ந்து நிற்கிற பாதம். இராணுவங்களுக்கு இதன்மேல் ஒரு தீராத சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் கனடா இராணுவத்தின் 3,619 சிப்பாய்களின் பாதங்களை ஹாரிஸ், பீத் என்ற இருவர் ஆராய்ந்து 1947 இல் அறிக்கை கொடுத்தார்கள். இளகுகிற தட்டைப் பாதம் நோயே அல்ல, வலுவான பாதத்தின் இன்னொரு வடிவம் என்பது அவர்கள் கண்டது. தொல்லை கொடுப்பது இறுகிப்போன தட்டைப் பாதமும், குதிநாண் குறுகியதும்தான். நம் நாட்டிலும் அதிகாரிகள் தேர்வுக்கான மருத்துவ விதி இந்த வேறுபாட்டை ஏற்கிறது: விரல்நுனியில் நின்றால் வளைவு திரும்பி வருகிறதா, பாதம் இளக்கமாக, வலியின்றி இருக்கிறதா, அப்படியானால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விதியில் இருப்பது வேறு, ஊரில் பரவியிருக்கிற பயம் வேறு. ஈரக்காலைச் சிமென்டில் வைத்துத் தடத்தைப் பார்த்து, 'உனக்கு ஃப்ளாட் ஃபுட்டுடா, போலீஸும் கெடையாது மிலிட்டரியும் கெடையாது' என்று கூட்டாளிகளே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கண்ணாடி பாட்டிலைக் காலடியில் போட்டு மணிக்கணக்காக உருட்டிக்கொண்டிருக்கிற கிராமத்துப் பையன்களை நானே பார்த்திருக்கிறேன். வளைவு வரவழைக்கிறார்களாம். அவர்களில் எத்தனை பேரை விரல்நுனியில் நிற்கச் சொல்லிப் பார்த்திருப்பார்கள்?

ஆக, கேட்க வேண்டிய கேள்வி பாதம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதல்ல. சாய்ந்த இடத்திலிருந்து அதனால் திரும்பி வர முடிகிறதா என்பதே. கோணம் ஒரு புகைப்படம் மட்டும். அசைவுதான் பாதம். இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டால் நிறைய இடங்களில் இயல்பு எது அதிகாரம் எது என்று தெளிவாகிறது என்று நினைக்கிறேன்.

நடுவே ஓர் எச்சரிக்கை. 1992 இல் மணிப்பாலிலிருந்து ராவ், ஜோசப் ஆகியோர் 2,300 குழந்தைகளின் பாதத்தடங்களை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலோடு திரியும் குழந்தைகளில் 2.8 சதவீதம். மூடிய ஷூ மோசம், செருப்பு பரவாயில்லை. முக்கியமான ஆய்வு, மேலைக் காலணி நாகரிகத்துக்கு நல்ல பதில். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு 'வெறுங்காலே ஆரோக்கியம், நம் முன்னோர்' என்று கிளம்புகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: எந்த முன்னோர்? இந்தத் தமிழ்நாட்டில் ஊர்த்தெருவுக்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று தலித்துகளுக்கு விதித்திருந்தார்கள், மீறியவர்களை அடித்திருக்கிறார்கள். வெறுங்கால் அங்கே ஆரோக்கியமாக இருக்கவில்லை, சாதியாக இருந்தது. பாதத்தின் வளைவு நன்றாக இருந்திருக்கலாம். அதற்காக அந்தத் தடையை இயற்கை வைத்தியமாக்கிவிட முடியாது.

மறுபடி அசைவுக்கு வருவோம். பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும் என்று நினைக்கிற மருத்துவர் ஒருவர் பனையேறியின் பாதத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு காலையும் தளைநார் சேர்த்துப் பிடித்திருக்க, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்த்தபடி மரத்தை இருபுறமும் கவ்வுகின்றன. முழு உட்சாய்வு, உடம்பின் மொத்தக் கனத்தோடு. காலை மாலை என்று மரம் மரமாய் இப்படித்தான். அந்தக் கணத்தில் கணுக்காலுக்குக் கீழே மட்டும் படம் பிடித்து அனுப்பினால் பிறவிக் கோணல் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் மனிதர் இறங்கி, கலயத்தைத் தூக்கிக்கொண்டு, சம்மணமாகப் பாதம் ஊன்றி நடந்து போகிறார். தொழிலின் கொடுமையை நான் அழகாக்க வரவில்லை. விழுந்து இடுப்பொடிந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. சொல்ல வருவது பாதத்தைப் பற்றி மட்டும்.

இதற்கு இணையான ஒரு விஷயம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. உகாண்டாவின் துவா மக்கள் தேனுக்காக நெடுமரம் ஏறுகிறவர்கள். ஏறும்போது அவர்களுடைய பாதம் முன்காலை நோக்கி 45 டிகிரிக்கு மேலும் மடங்குவதை 2013 இல் வெங்கட்ராமன், க்ராஃப்ட், டாமினி ஆகியோர் வெளியிட்டார்கள். நகரவாசிக்கு அப்படி மடங்கினால் காயம்தான். அவர்களது கெண்டைக்கால் தசை நார்கள் மரமேறாத அண்டை வேளாண்குடிகளுடையதைவிட நீளமாக இருந்தன. ஆனால் எலும்பில் அப்படி ஒரு தனி அடையாளம் இல்லை. இந்த முரண் முக்கியம். ஒரு புதைபடிவக் கணுக்கால் எலும்பை வைத்துக்கொண்டு 'இவன் மரமேறியிருக்க மாட்டான்' என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த மானிடவியலாளர்களுக்கு அது சங்கடமாயிற்று. எலும்பு சொல்லாததைத் தசை செய்கிறது, தசையை வாழ்க்கை நீட்டுகிறது.

இப்போது மறுபுறம். சாய்ந்த இடத்திலேயே பூட்டிக்கொண்டு திரும்ப முடியாத பாதம். ஆஸ்பத்திரிச் சுவரொட்டிகள் வளைபாதம் என்கின்றன, ஊர் கோணக்கால் என்கிறது. ஏறக்குறைய ஆயிரம் பிறப்புக்கு ஒன்று. குதிகால் மேலே ஏறி, பாதம் முழுக்க உள்ளே சாய்ந்து, முன்பகுதி உள்ளே திரும்பி இருக்கும். அப்படியே விட்டால் பிள்ளை புறங்காலின் வெளி ஓரத்தில் நடக்கும், அங்கே காய்ப்புக் காய்க்கும், புண்ணாகும். இதை 'மாற்று உடல்' என்று கொண்டாடுவதற்கு ஓர் அளவு உண்டு. இயல்பாக்கல் எல்லாமே வன்முறைதான் என்கிற நம்ம கோட்பாட்டுத் தோழர்கள் இந்த இடத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் காட்டுகிற படம் எனக்குத் தெரியும். ஃபூக்கோவின் 1975 ஆம் வருடத்து நூலில், தண்டனையும் ஒழுங்கும் பற்றியது, ஒரு கோணல் மரம் நேரான கம்பத்தோடு கயிற்றால் வரிந்து கட்டப்பட்டிருக்கும் படம் இருக்கிறது. அது நிக்கோலா ஆந்த்ரி என்ற பாரிஸ் மருத்துவர் 1741 இல் எழுதிய 'ஆர்த்தோபெடி' என்ற நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தத் துறைக்கே பெயர் வைத்த நூல். கிரேக்கத்தில் நேர் என்ற சொல்லையும் குழந்தை என்ற சொல்லையும் சேர்த்து ஆந்த்ரி அந்தப் பெயரைப் படைத்தார். நேராக்கப்பட்ட குழந்தை. ஒழுங்குச் சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் கிடைக்காதுதான்.

கயிற்றுக்கு அடுத்து கத்தி வந்தது. ஃப்ளாபெரின் 'மதாம் பொவாரி' வாசித்தவர்களுக்கு இப்போலீத் நினைவிருப்பான். விடுதியில் குதிரை பார்த்துக்கொள்பவன். கோணக்காலோடு ஓடியாடி நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தவன். முன்னேற்றம், அறிவியல் என்று மருந்துக்கடைக்காரர் ஓமே தூண்டிவிட, சார்ல் பொவாரி புத்தகம் வரவழைத்துப் படித்து, குதிநாணை வெட்டி, காலை ஒரு பெட்டிக்குள் வைத்து இறுக்கி மூடுகிறான். ஓமே வெற்றியைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிவிடுகிறார். கால் அழுகுகிறது, வேறொரு டாக்டர் வந்து தொடையோடு எடுக்கிறார். 1857 இல் நூலாக வந்த இந்த நாவலின் இந்தப் பகுதியைப் பூர்ஷ்வா அறிவியல்வாதத்தின் மீதான பகடி என்று எல்லாரும் எழுதுகிறார்கள், சரிதான். ஆனால் பொவாரி தோற்றதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அவனுக்கு அந்தப் பாதம் எந்த அச்சில் சுழல்கிறது என்று தெரியாது. அவனுக்கு மட்டுமா, அதன்பிறகும் ஒரு நூற்றாண்டு யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

தெரிந்துகொண்டவர் ஒரு அகதி. இக்னாசியோ போன்செட்டி, 1914 இல் ஸ்பெயினின் மெனோர்காத் தீவில் பிறந்தவர். 1936 இல் பார்சலோனாவில் மருத்துவம் முடித்தார். உள்நாட்டுப் போர் வெடித்தது. குடியரசுப் படையில் காயக்காரர்களுக்கு எலும்பு கட்டினார். 1939 இல் பிராங்கோ வென்றபோது காயம்பட்டவர்களோடு பிரனீஸ் மலையைத் தாண்டிப் பிரான்சுக்குப் போனார், பிறகு மெக்சிக்கோ, 1941 இல் அமெரிக்காவின் அயோவா. அங்கே சிறுவயதில் அறுவை செய்யப்பட்ட வளைபாதங்கள் வளர்ந்த பிறகு என்ன ஆயின என்று தேடிப் பார்த்தார். பார்வைக்கு நேராக இருந்தன. ஆனால் மரக்கட்டையாய் இறுகி, வலிமை இழந்து, வலித்தன. கோணம் சரியாகி அசைவு செத்துப்போயிருந்தது.

அவர் கண்டது பொதுப்புத்திக்கு நேர் எதிரானது. உள்ளே சாய்ந்த பாதத்தை நேராக்க எவரும் என்ன செய்வார்கள்? வெளியே சாய்ப்பார்கள். கோணல் மரத்தைக் கம்பத்தோடு கட்டுகிற அதே தர்க்கம். போன்செட்டி அதைச் செய்யவே கூடாது என்றார். பாதத்தின் அச்சு சரிவானது, மூன்று அசைவும் பிணைந்தது என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அதனால் சாய்வை மட்டும் தனியே பிடித்துத் திருப்பினால் எலும்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும், பாதம் நடுவில் ஒடிந்த மாதிரி ஆகும். அவருடைய முதல் மாவுக்கட்டு பாதத்தின் முன்பகுதியை இன்னும் உள்சாய்வாகத் தூக்கி வைத்துக் கட்டுவது. பார்க்கிற தாய்க்கு 'என்னங்க டாக்டர், இன்னும் கோணலா ஆக்குறீங்களே' என்றுதான் தோன்றும். அதற்குப் பிறகு தாலஸின் தலையில், வெளிப்பக்கம், கட்டைவிரலை வைத்துக்கொண்டு, சாய்வை மாற்றாமல், பாதத்தை வெளிநோக்கி மெல்லத் திருப்ப வேண்டும். குதிகாலைத் தொடவே கூடாது. முன்பகுதி வெளியே திரும்பத் திரும்ப, குதி எலும்பு தாலஸுக்கு அடியில் தானாகச் சுழன்று, தானாகவே வெளிச்சாய்வுக்கு வந்துவிடுகிறது. அவருக்கு முன்பு அட்லாண்டாவில் கைட் என்பவர் இதே மாவுக்கட்டு முறையைத்தான் கையாண்டார், ஆனால் விரலை வைத்த இடம் சற்று முன்னே தள்ளி இருந்தது. அங்கே அழுத்தினால் குதி எலும்பு சுழல வழியில்லை, மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு வருடம் வரை கட்டு போட வேண்டியிருந்தது. கட்டைவிரல் வைக்கிற இடம், ஓர் அங்குல வித்தியாசம். போன்செட்டி முறையில் வாரம் ஒன்றாக ஐந்தாறு கட்டு. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசியில் குதிநாணில் ஒரு சிறு வெட்டு. பொவாரி வெட்டிய அதே நாண், ஆனால் மற்ற எல்லாம் சுழன்று முடிந்த பிறகு.

1963 இல் இதைப் பிரசுரித்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. அறுவைக்கூடங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம், மாவுக்கட்டுக்கு என்ன மரியாதை? முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, அவரது பழைய நோயாளிகளின் பாதங்கள் இன்னும் இளக்கமாக, வலியின்றி இருப்பதை 1995 இல் வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 2009 இல் 95 வயதில் இறந்தார். இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் இந்த முறைதான். செலவு மாவுக்கட்டும் பஞ்சும். உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது: வாராவாரம் பஸ் பிடித்து வருவது, ஒரு நாள் கூலி போவது, அதற்குப் பிறகு ஒரு கம்பியில் இணைத்த இரண்டு சிறு காலணிகளை மூன்று மாதம் நாள் முழுக்க, பிறகு நான்கைந்து வயது வரை இரவில் பிள்ளைக்கு மாட்டி வைப்பது. பாதம் மறுபடி உள்ளே திரும்புவதற்கு முதன்மையான காரணம் இந்தக் காலணி பாதியில் கைவிடப்படுவது. 'பெத்தவங்க ஒழுங்கா மாட்டலை' என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். ஒற்றை அறையில், அழுகிற பிள்ளையோடு, விடிந்தால் வேலைக்குப் போக வேண்டிய பெண்ணின் இரவு அந்தக் குறிப்பில் வராது.

ஆந்த்ரியின் கயிற்றையும் போன்செட்டியின் மாவுக்கட்டையும் ஒன்றாகப் போட்டு 'ஒழுங்குபடுத்தல்' என்று எழுதுகிற விமர்சனம் எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது. ஒன்று கோணத்தைக் கைப்பற்றுகிறது. மற்றது அசைவைத் திருப்பிக் கொடுக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சொல்லாடலில் கிடைக்காது, தாலஸின் தலையில்தான் கிடைக்கும்.

கடைசியாக, தமிழ்நாட்டுக்கு நேரடியாக உரிய ஒரு கதை. முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு போகிறது. பாதத்தை மேலே தூக்குகிற தசைகளுக்கும் வெளியே சாய்க்கிற தசைகளுக்கும் அதுவே எஜமான். தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த, மேலோட்டமான இடங்கள் பிடிக்கும், இந்த நரம்பு அதற்கு எளிதாக அகப்படுகிறது. நரம்பு செத்தால் வெளிச்சாய்வு போய்விடும். உள்ளே இழுக்கிற தசைக்கு வேறு நரம்பு, அது பிழைத்திருக்கும். எதிர்ப்பவன் இல்லாத இழுப்பு. பாதம் தொங்கி, உள்ளே திரும்பி, வெளி ஓரத்தில் நடக்கிறது. உள்ளங்காலில் உணர்ச்சியும் போயிருந்தால் அங்கே புண் வருவதை அவருக்குத் தெரியாது. 1946 இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாத ஓரத்தில் தினமும் விழும் கனம் அதைக் கொல்கிறது. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் அதற்காகவே மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வந்தது. அந்தச் செருப்பே 'இவன் இன்னார்' என்று தெருவுக்குக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிவிட்டதால் பலர் அதைப் போட மறுத்தார்கள் என்பது தனிக்கதை.

தொங்கும் பாதத்துக்கு அறுவை உண்டு. உள்ளே சாய்க்கிற அந்தப் பிழைத்த தசையின் நாணை அவிழ்த்து, காலின் முன்பக்கம் கொண்டுவந்து, பாதத்தின் மேல் தைத்துவிடுவது. நடு இடம் பார்த்துத் தைக்காவிட்டால் பாதம் மறுபடி ஒரு பக்கம் சாயும். 1968 இல் செங்கல்பட்டு மத்திய தொழுநோய் நிறுவனத்தின் எச். சீனிவாசனும் சகாக்களும் நாணை இரண்டு வாலாகப் பிளந்து, ஒன்றைப் பெருவிரல் பக்கமும் மற்றதை மற்ற விரல்கள் பக்கமும் தைக்கும் முறையை எழுதினார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் சமமாக இழுக்க.

கட்டுப் பிரித்த பிறகு பயிற்சி. 'பாதத்தைத் தூக்குங்க' என்று சொன்னால் ஒன்றும் நடக்காது, தூக்குகிற பழைய தசைக்குத்தான் நரம்பு செத்துவிட்டதே. ஆகவே பயிற்சி கொடுப்பவர் 'உள்பக்கமா திருப்புங்கய்யா' என்கிறார். நோயாளி உள்ளே திருப்ப நினைக்கிறார். பாதம் மேலே எழும்புகிறது. மறுபடி, மறுபடி. முதல் நாட்களில் அவர் காலைப் பார்த்துக்கொண்டே உள்ளே, உள்ளே என்று நினைத்து நினைத்து ஓர் அடி வைக்கிறார். சில வாரங்களில் அந்தச் சொல் தேவைப்படுவதில்லை, வாசற்படியில் கால் இடறாமல் ஏறிவிடுகிறது.